காய்ச்சல் கணக்கு எடுக்க ராணுவம் எதுக்குங்க?

பல்லடத்துக்காரர் | ஜூன் 9, காலை 7.10

ஒரு சந்தேகமுங்க. ஃப்ளூ தடுப்பூசியில எந்த வைரஸைச் சேர்க்கறதுன்னு உலக சுகாதார நிறுவனம் வருசத்துக்கு ரெண்டு தடவை கூடி முடிவு பண்ணுது. அதுக்குத் தகவல் கொடுக்கறவங்கள்ல அமெரிக்கக் கடற்படை, விமானப்படை ஆய்வகங்களும் இருக்குது. சளி காய்ச்சலுக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்? இது நோய்க் கண்காணிப்பா, உளவா? கோழிப்பண்ணை, நூல் மில்லு, பனியன் கம்பெனின்னு நம்ம பக்கம் கூட்டத்துக்குக் குறைவில்ல. நாம தெரிஞ்சுக்க இதுல ஏதாச்சும் இருக்குதா?

வைரஸ் மேசை | ஜூன் 9, காலை 11.35

சம்பந்தம் நேரானது. ஃப்ளூவுக்கு ராணுவப் பாளையம் மாதிரி தோதான இடம் குறைவு. பல ஊர்ப் பையன்கள் ஒரே கொட்டகையில், அடுத்தடுத்த கட்டிலில், தூக்கம் குறைந்து, உடம்பு அலுத்துப் படுத்திருப்பார்கள். ஒருவனுக்கு வந்தால் மூன்று நான்கு நாளில் கொட்டகை முழுக்க இருமல்தான்.

1918 மார்ச்சில் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்த ஃபன்ஸ்டன் பாளையத்தில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் ஃப்ளூவில் படுத்தார்கள். படைகள் போன வழியெல்லாம் காய்ச்சலும் போனது. ஜூனில் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அங்கே முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் காவல் சிப்பாய்களும் உண்டு. செப்டம்பருக்குப் பின் வந்த இரண்டாம் அலைதான் ஊர் ஊராகக் கொண்டுபோனது. இந்தியாவில் மட்டும் 1.2 கோடிக்கு மேல் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அமெரிக்க ராணுவத்துக்கு அந்தப் பயம் இருந்தது. 1941-இல் இன்ஃப்ளூயன்சாவுக்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். தாமஸ் பிரான்சிஸ் தலைமை தாங்கினார். பின்னால் போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க் அவரிடம்தான் வேலை பார்த்தார். 1943-இல் ராணுவப் பயிற்சியில் இருந்த சுமார் 12,500 மாணவர்களிடம் அவர்கள் செய்த தடுப்பூசியைச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் வந்தது, போடாதவர்களில் சுமார் 7 சதவீதம். 1945-இல் படை முழுக்க ஊசி.

உளவா என்ற கேள்வியைத் தள்ளிவிடவில்லை. அதற்குத் தனியாக வருகிறேன்.

வைரஸ் மேசை | ஜூன் 9, இரவு 9.20

மேலே எழுதியதில் பாதிதான் இருக்கிறது. 1943-இல் ஜெயித்த அதே ஊசி 1947-இல் தோற்றது. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே அளவில் படுத்தார்கள். மருந்தில் கோளாறு இல்லை, வைரஸ் உருவம் மாறிவிட்டது. பூட்டை மாற்றிய வீட்டுக்குப் பழைய சாவி கொடுத்த கதை.

கண்காணிப்பு என்ற முழு ஏற்பாடும் அந்தத் தோல்வியில் பிறந்ததுதான். ஊசி செய்யத் தெரிந்தால் போதாது, இந்த வருசம் எந்த உருவத்தில் சுற்றுகிறது என்று ஊர் ஊராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1952-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வலைப்பின்னல் உருவானது. பிப்ரவரியில் வட கோளத்துக்கு, செப்டம்பரில் தென் கோளத்துக்கு முடிவு. முடிவெடுத்து ஊசி கைக்கு வர ஆறு மாதம் ஆகிறது, அதனால்தான் அவ்வளவு முன்கூட்டியே கூடுகிறார்கள்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 1950-களில் இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் ஆசிய ஃப்ளூ இறங்கியபோது வைரஸைப் பிரித்து எடுத்தது குன்னூர்தான். இன்று அந்த வேலை புனேயில் நடக்கிறது.

பல்லடத்துக்காரர் | ஜூன் 10, காலை 6.50

ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. ஃப்ளூ ஊசி முட்டையிலதான் செய்யறாங்கன்னு படிச்சேன். நாமக்கல்ல தினமும் கோடிக்கணக்குல முட்டை விழுகுது. நாமளே செஞ்சுக்கலாமே?

கோழி டாக்டர், நாமக்கல் | ஜூன் 10, பகல் 2.15

முடியாதுங்க. நம்ம லேயர் பண்ணை முட்டையில் கரு கிடையாது. கூண்டில் பெட்டை மட்டும்தான் நிற்குது, சேவல் இல்லை. வைரஸ் வளர உயிருள்ள கரு வேண்டும். அதற்குப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்கிற கணக்கில், நோய் எதுவும் உள்ளே வராத தனிப் பண்ணை வேண்டும். தாய்க்கோழிக்கு ஃப்ளூ எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போய்விடும், வைரஸ் வளராது. அதனால் கோழியின் ரத்தத்தையும் சோதித்துக்கொண்டே இருக்கணும்.

அந்த ஆசிய ஃப்ளூ வந்த 1957-இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வகத்தில் இருந்த வைரஸ் ஆய்வாளர் மாரிஸ் ஹில்மன் முதலில் சொல்லி அனுப்பியதும் இதுதான்: குஞ்சுப் பண்ணைக்காரர்கள் சேவல்களை அறுத்துவிட வேண்டாம். ஏப்ரல் 17-ஆம் தேதி ஹாங்காங்கில் பெருங்கூட்டமாய் மக்கள் காய்ச்சலோடு நிற்கும் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தார். ஜப்பானில் இருந்த ராணுவ ஆய்வகம் மூலம் ஒரு கடற்படை ஆளின் தொண்டை கொப்பளித்த நீரை வரவழைத்தார். அந்த வைரஸுக்கு யார் ரத்தத்திலும் எதிர்ப்பு இல்லை, 1889–90 கொள்ளைக்காய்ச்சலைக் கண்ட சில முதியவர்களைத் தவிர. இலையுதிர் காலத்தில் பள்ளி திறக்கும்போது அடிக்கும் என்று கணித்து, அதற்குள் 4 கோடி டோஸ் அளவுக்குத் தயார் செய்ய வைத்தார். சேவல் இல்லையென்றால் அது ஒரு டோஸ்கூட இல்லை.

வைரஸ் மேசை | ஜூன் 10, இரவு 8.05

டாக்டர் சொன்னதோடு ஆய்வக முறையையும் சேர்த்துவிடுகிறேன். ஊசித் தொழிற்சாலையில் நடப்பதும் இதன் பெரிய வடிவம்தான்.

37–38 டிகிரியில் அடைவைத்த, 10–11 நாள் ஆன கரு முட்டை. இருட்டில் விளக்கடித்துப் பார்த்தால் ரத்தநாளம் சிவப்பு வலையாகத் தெரியணும், குஞ்சு அசையணும். காற்றறையின் எல்லையைப் பென்சிலில் கோடிட்டு, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, கோட்டுக்கு மேலே சின்ன ஓட்டை. ஆன்டிபயாடிக் கலந்த மாதிரியை 0.1 முதல் 0.2 மில்லி வரை உள்ளே விட்டு ஓட்டையை அடைப்பார்கள். பிறகு சூட்டைக் குறைத்து 33–35 டிகிரியில் இரண்டு மூன்று நாள். முதல் 24 மணி நேரத்தில் கரு செத்தால் அது வைரஸ் வேலையில்லை. ஊசி முனை கிழித்திருக்கும் அல்லது பாக்டீரியா புகுந்திருக்கும். அந்த முட்டையைக் கழித்துவிட வேண்டும்.

அடுத்த படியில்தான் புதியவர்கள் கோட்டை விடுவார்கள். திரவம் எடுப்பதற்கு முன் முட்டையை ராத்திரி முழுக்க 4 டிகிரியில் வைக்கணும். குளிரில் ரத்தநாளம் சுருங்கிவிடும். அவசரப்பட்டு உடைத்தால் ரத்தம் கலக்கும். ஃப்ளூ வைரஸ் சிவப்பணுவைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் கிடைக்க வேண்டிய வைரஸில் பெரும்பங்கு அந்த ரத்தத்தோடு போய்விடும். சரியாகச் செய்தால் ஒரு முட்டைக்கு 5–10 மில்லி தெளிந்த நீர் வரும்.

முட்டைக்கு ஒரு குறையும் உண்டு. எச்3என்2 என்ற ஃப்ளூ வகை முட்டையில் வளரும்போதே கொஞ்சம் உருமாறிவிடுகிறது. ஊரில் சுற்றுவது ஒன்று, ஊசியில் இருப்பது இன்னொன்று என்றாகிவிடும். செல் வளர்ப்பு முறைக்குப் போகக் காரணம் அதுதான்.

அவிநாசி எச்.ஐ. (சுகாதார ஆய்வாளர்) | ஜூன் 12, காலை 8.30

வாசகர் கேட்ட உளவு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லையே.

வைரஸ் மேசை | ஜூன் 12, இரவு 10.10

வருகிறேன். முதலில் இந்த ஏற்பாட்டின் உருவம்.

தொற்றுநோய்க் கண்காணிப்பில் ராணுவமும் சேர வேண்டும் என்று 1996-இல் அமெரிக்க அதிபரின் உத்தரவு. 1997-இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஜீஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு. அதற்கு முன்பே பாங்காக், நைரோபி, லிமா, கெய்ரோ, ஜகார்த்தா ஆகிய இடங்களில் ராணுவ, கடற்படை ஆய்வகங்கள் இருந்தன. பாங்காக் ஆய்வகம் 1958-இல் காலராவுக்காக வந்தது, கெய்ரோ 1946. இவை சிப்பாய்க்கு மட்டும் பார்ப்பதில்லை, அந்தந்த நாட்டு ஆஸ்பத்திரி நோயாளியின் மாதிரியையும் வாங்குகின்றன. வாசகரின் சந்தேகம் பிறப்பது இங்கேதான், அது நியாயமான சந்தேகம்.

இந்தோனேசியாவில் அது வெடித்தது. பறவைக் காய்ச்சலில் மனிதர்கள் மாண்டுகொண்டிருந்தபோது, சுகாதார அமைச்சர் சித்தி ஃபதீலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். அவர் கேட்டது: எங்கள் ஆள் மூக்கிலிருந்து எடுத்த வைரஸில் பணக்கார நாட்டுக் கம்பெனி ஊசி செய்கிறது, அதை எங்களுக்கே எட்டாத விலைக்கு விற்கிறது, இது என்ன நீதி? கடற்படை ஆய்வகம் மீதும் அவருக்கு நம்பிக்கை இல்லை. 2010-இல் ஜகார்த்தா ஆய்வகம் மூடப்பட்டது. ஆனால் அந்தச் சண்டையால் ஒரு நல்லது நடந்தது. 2011 மே மாதம் உலக சுகாதாரச் சபை ஒரு ஒப்பந்தச் சட்டகத்தை ஏற்றது. கொள்ளைநோய் ஆகக்கூடிய ஃப்ளூ மாதிரியைப் பகிரும் நாட்டுக்கு ஊசியிலும் மருந்திலும் பங்கு வேண்டும், அந்த வலைப்பின்னலால் லாபம் பார்க்கும் கம்பெனிகள் வருசா வருசம் பணம் கட்டணும்.

அமைச்சர் மாதிரியை நிறுத்தியது ஆபத்தான வழி, ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. இந்தியாவில் ஆராய்ச்சிக்காக மனித மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாகச் சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதி தேவை. அந்தக் கதவு இருக்கத்தான் வேண்டும்.

வைரஸ் மேசை | ஜூன் 13, காலை 7.00

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கெய்ரோ ஆய்வகம் இன்றும் அங்கேயே இருப்பதுபோல் தொனிக்கிறது. அது 2019-இல் இத்தாலியின் சிகொனெல்லாவுக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் விட்டுப்போனது. 1918-இல் சண்டை போட்ட நாடுகள் தணிக்கை வைத்துச் செய்தியை மறைத்தன. ஸ்பெயின் சண்டையில் இல்லை, அங்கே பத்திரிகைகள் எழுதின. அதனால்தான் "ஸ்பானிஷ் ஃப்ளூ" என்று பழி ஸ்பெயின் பேரில் நின்றது. ராணுவத்துக்கு ரகசியம் பழக்கம், நோய்க்கு ரகசியம் உரம். ராணுவக் கண்காணிப்பை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே படிக்கல் இதுதான்: கண்டதை எத்தனை நாளில் ஊருக்குச் சொன்னார்கள்?

2009 பன்றிக் காய்ச்சலை அதில் வைத்துப் பார்க்கலாம். மார்ச் கடைசியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் பத்து வயதுப் பையனுக்குக் காய்ச்சல். கடற்படை ஆய்வு மையம் ஒரு புதிய சோதனைக் கருவியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது, பையனின் மாதிரி அதில் சேர்ந்தது. ஃப்ளூ ஏ என்று வந்தது, ஆனால் அதில் தெரிந்த வகைகளான எச்1 இல்லை, எச்3 இல்லை, எச்5-உம் இல்லை. பக்கத்து மாவட்டத்து ஒன்பது வயதுச் சிறுமியின் மாதிரி இன்னொரு கண்காணிப்புத் திட்டம் வழியாக அதே மையத்துக்கு வந்தது, அதுவும் வகை தெரியாதது. இருவருமே பன்றிப் பக்கம் போகாதவர்கள். இரண்டும் அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், ஏப்ரல் 21-ஆம் தேதி அச்சில் வந்துவிட்டது, சில நாளில் மரபணு வரிசையும் பொதுவில் வந்தது. ஜூன் 11-இல் உலகக் கொள்ளைநோய் என்று அறிவிப்பு.

பொறுக்கி எடுத்த கடும் நோயாளி யாரும் இதில் இல்லை. சாதாரணக் காய்ச்சல், வழக்கமாக எடுத்த ஸ்வாப். வகை பிரிக்க வராததைக் குப்பையில் போடாமல் மேலே அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

கோழி டாக்டர், நாமக்கல் | ஜூன் 13, மாலை 5.40

எதிர்ப்பக்கமும் சொல்லணுமுங்க. 1976 பிப்ரவரியில் ஃபோர்ட் டிக்ஸ் பாளையத்தில் ஒரு சிப்பாய் இறந்தார். பன்றி வகை ஃப்ளூ என்று தெரிந்ததும் நாடு முழுக்க ஊசி என்று கிளம்பினார்கள். சுமார் 4.5 கோடிப் பேருக்குப் போட்டார்கள். வைரஸ் பாளையத்தை விட்டு வெளியே வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கை கால் தளரும் கியான்-பாரே நோய் கூடுதலாக வந்தது. டிசம்பரில் நிறுத்தினார்கள். பாளையத்தில் கண்டது ஊருக்கும் வரும் என்று எப்போதும் சொல்ல முடியாது.

வைரஸ் மேசை | ஜூன் 13, இரவு 9.00

ஒப்புக்கொள்கிறேன். சிப்பாய்க் கணக்கில் குழந்தை, கிழவர், கர்ப்பிணி குறைவு. எல்லாரும் இளவட்டம், ஊசி போட்டவர்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே மாவட்டத்துக்குப் பெருக்கக் கூடாது.

அவிநாசி எச்.ஐ. | ஜூன் 15, காலை 9.15

முதல் கேள்வியின் கடைசி வரிக்கு வருகிறேன், நமக்கு என்ன?

நமக்கு வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது, சூலூரில் விமானப்படை. ஆனால் உண்மையான பாளையம் நூற்பாலை விடுதிதான். ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள், ஷிஃப்ட் முறையில் தூக்கம், இரட்டைக் கட்டில், ஒரே மெஸ். சிப்பாய்க் கொட்டகைக்கு என்னென்ன பொருந்துமோ அத்தனையும் இங்கே பொருந்தும். ராணுவம் வாராவாரம் எடுக்கும் கணக்கை இங்கே எடுப்பதற்குச் செலவே இல்லை, ஒரு நோட்டுப் போதும்.

நான்கு பத்தி போடுங்கள்: வாரம், அந்த வாரம் விடுதியில் தங்கியிருந்தவர்கள் மொத்தம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு இருமலும் இருந்தவர்கள், நூற்றுக்கு எத்தனை. மொத்தம் எழுதாத நோட்டு வீண். 240 பேர் விடுதியில் வாரம் இரண்டு மூன்று பேர் என்று போய்க்கொண்டிருந்து திடீரென்று 11 என்றால் நூற்றுக்கு நாலரை. தீபாவளி லீவில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருக்கும்போது அதே 11 வந்தால் நூற்றுக்கு ஒன்பது. மொத்தம் இல்லாமல் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு தாண்டினால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு ஏறும், ஆகவே நோட்டை ஐப்பசிக்கு முன்பே தொடங்கணும்.

ராணுவம் செய்யும் இன்னொரு காரியம்: கட்டிலில் ஒருவர் தலை வைத்த பக்கம் அடுத்தவர் கால் வைப்பது. இருமல் முகத்துக்கு நேராக வராது. இன்று ராத்திரியே செய்யலாம்.

வைரஸ் மேசை | ஜூன் 15, இரவு 8.45

எச்.ஐ. சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பேச்சு. மாதிரி எடுப்பதில் வரும் தவறுகளை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் ஸ்வாப் கெட்டால் மேலே எந்த ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது.

காய்ச்சல் கண்ட மூன்று நாளுக்குள் எடுக்கணும். பஞ்சு சுற்றிய மரக்குச்சி ஆகாது, மரத்தில் உள்ள பொருள் சோதனையைக் கெடுக்கும். நைலான் இழை ஸ்வாப் வேண்டும். மூக்குக்குள் மேல்நோக்கிக் குத்தக் கூடாது, அண்ணத்துக்கு இணையாக நேரே பின்னால் போகணும். துவாரத்திலிருந்து காது வரை உள்ள தூரத்தில் பாதிக்கு மேல் போனால்தான் தொண்டைக்குப் பின்சுவர் தட்டுப்படும். அங்கே சில நொடி நிறுத்தி, மெல்லச் சுழற்றி எடுக்கணும். நோயாளிக்குக் கண்ணில் நீர் வரும். வராவிட்டால் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிட்டோம் என்று அர்த்தம். பி.சி.ஆரில் மனித மரபணுவுக்கென்று ஒரு சரிபார்ப்பு உண்டு. அது வரவில்லை என்றால் "ஃப்ளூ இல்லை" என்று எழுதக் கூடாது, "திரும்ப எடுங்கள்" என்றுதான் எழுதணும்.

ஸ்வாப்பை வி.டி.எம். திரவத்தில் (வைரஸைக் கெடாமல் கொண்டுபோகும் திரவம்) உடைத்துப் போட்டு மூடியை இறுக்குங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகியிருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது, அந்தக் குப்பி வேண்டாம். பேரைக் குப்பியின் மேல் எழுதுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறும்போது ஆளும் மாறிவிடுவார். பிறகு 2 முதல் 8 டிகிரி. மூன்று நாளில் சேர்க்க முடியாவிட்டால் மைனஸ் 70. சாதாரண ஃப்ரீசரில், அதாவது மைனஸ் 20-இல் வைப்பது எதிலும் சேராத கெடுதல், வைரஸ் செத்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு அதைவிட மேல். உலர் பனிக்கட்டியில் அனுப்பினால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு உள்ளே கசிந்தால் திரவம் புளித்து வைரஸ் அழியும்.

சித்திரை வெயிலில் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் தெர்மோகோல் பெட்டி இரண்டு மணி நேரம் கிடந்தால் ஐஸ் பேக் நீராகிவிடும். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் போடுங்கள்.

கோழி டாக்டர், நாமக்கல் | ஜூன் 16, காலை 11.00

பண்ணைக்கும் அதே நோட்டு வேண்டுமுங்க. ஷெட் வாரியாகத் தினமும் மூன்று எண்: தீவனம், முட்டை, சாவு. தீவனம்தான் முதலில் இறங்கும். கொண்டை நீலம் பாய்ந்து, தலை வீங்கி, சாவு எகிறினால் வெள்ளைக்கழிச்சல் என்று நாமாகவே முடிவு கட்டிக் கோழியை அறுத்துப் பார்க்கக் கூடாது. கால்நடைத் துறைக்குச் சொன்னால் ஸ்வாப் போபாலில் உள்ள கால்நடை நோய் ஆய்வகத்துக்குப் போகும். பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை நோய்ப் பகுதி, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு.

ஆலப்புழையில் வாத்துக்கு வந்தால் வாளையாற்றில் டயருக்கு மருந்து அடிக்கிறார்கள். எரு அப்பிய டயரில் மருந்து அடித்துப் பயனில்லை. குளோரின் எருவிலேயே தீர்ந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்புறம் மருந்து. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்புக்கே பாதி உடையும். திரும்பி வரும் காகித அட்டையைக் கழுவ முடியாது, பிளாஸ்டிக் ட்ரேக்கு மாறுங்கள்.

பண்ணை ஆளுக்குக் கண் சிவந்தால் தூசி என்று விட வேண்டாம். 2024-இல் அமெரிக்கப் பால்மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியபோது தொழிலாளர்களுக்கு முதலில் தெரிந்தது கண் சிவப்புத்தான். நோய்ப் பண்ணையில் வேலை செய்தவரை 10 நாள் காலை மாலை காய்ச்சல் பார்க்கணும்.

பல்லடத்துக்காரர் | ஜூன் 16, இரவு 7.30

நோட்டு போட்டாச்சுங்க, எங்க விடுதியில 186 பேர். ஒரு சந்தேகம். ஃப்ளூ இல்லைன்னு வர்ற மாதிரிய என்ன பண்றது?

வைரஸ் மேசை | ஜூன் 16, இரவு 9.50

வைத்திருக்கச் சொல்லுங்கள். ராணுவப் பயிற்சிப் பாளையங்களில் அடினோவைரஸ் 4, 7 வகைகளும் ஃப்ளூ மாதிரியே கூட்டமாகப் படுக்க வைக்கும். 1971-இலிருந்து சிப்பாய்களுக்கு விழுங்கும் மாத்திரையாகத் தடுப்பு மருந்து இருந்தது. 1996-இல் தயாரிப்பு நின்று, 1999-இல் இருப்பும் தீர்ந்தது, காய்ச்சல் பழையபடி வந்தது. 2011-இல்தான் மருந்து திரும்பக் கிடைத்தது. ஃப்ளூ இல்லை என்று வந்த குப்பிகளையும் சோதித்ததால்தான் யார் காரணம் என்று வருசா வருசம் சொல்ல முடிந்தது.

186 பேருக்கு, திங்கள் முதல் புதன் வரை வரும் முதல் ஐந்து காய்ச்சல்காரர்களுக்கு எடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டாம், பெட்டி சனி ஞாயிறு யார் மேசையிலாவது கிடக்கும்.